கவிழ்த்த சோடா பாட்டில்கள்

எங்கள் மொட்டைமாடியில் பதினாறு கம்பிகள்
வானத்தைப் பார்த்து நிற்கின்றன.
நான்கு மூலை, மூலைக்கு நான்கு.
துரு ஏறாதிருக்க ஒவ்வொன்றின் தலையிலும்
ஒரு சோடா பாட்டில் கவிழ்த்திருக்கிறேன்.
தெவாகானில் பாட்டிலுக்கா பஞ்சம்?
காற்றடித்தால் பதினாறும் முனகும்
ஆளுக்கொரு சுருதியில்.

மெக்ஸிகோவில் இவற்றுக்கு ஒரு பெயர் உண்டு:
நம்பிக்கைக் கம்பிகள்.
கேலியாகத்தான் சொல்வார்கள்.

கம்பி நட்டபோது எனக்கு இருபத்தொன்பது வயது.
சிமெண்ட் பையைக் கிழித்து அதன் உட்புறத்தில்
தச்சுப் பென்சிலால் பிலிபெர்த்தோ எழுதினான்:
முப்பத்திரண்டில் மேல்தளம்.
முப்பத்து மூன்றில் தையல் மெஷின், மூன்று.
முப்பத்தைந்தில் எர்மெலிண்டா
யாருக்கும் ஜீன்ஸ் தைக்க மாட்டாள்.
கடைசி வரிக்கு இரண்டு அடிக்கோடு.

நாற்பத்தாறு.
இன்றைக்கும் ஷிப்டுக்கு இருநூற்றெண்பது இடது பாக்கெட்.
வலது பாக்கெட் வேறொருத்தி.
நகக்கண்ணில் நீலம்;
மாவு பிசையும்போது மட்டும் உறுத்தும்.

என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்,
பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.
ஃபாக்டரி ஒருமுறை இரவோடிரவாக
மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓடிப்போனது.
ஒரு செப்டம்பரில் நிலம் குலுங்கி
சமையலறைச் சுவர் வாய் பிளந்தது.
பிலிபெர்த்தோவின் தம்பிக்கு ஜாமீன்.
என் கடைவாய்ப்பல்.
யாரெட்சிக்குக் கண்ணாடி,
பிறகு இன்னும் தடித்த கண்ணாடி.
மேல்தளத்தைச் செங்கல் செங்கல்லாய்த் தின்றவை இவைதாம்.
பெரும்புயல் ஏதாவது அடித்துப் போயிருந்தால்
சொல்லிக்கொள்ளவாவது ஒரு கதை இருந்திருக்கும்.

எதிர்வீட்டு ஒப்தூலியா
தன் மூன்றாம் தளத்துக்கு மாம்பழ நிறம் அடித்த அன்று
நான் ஜன்னலைத் திறக்கவில்லை.
பிற்பாடு அவளிடமே அதைச் சொன்னேன். சிரித்தாள்.
"கடன் என்ன நிறம் தெரியுமா உனக்கு?" என்றாள்.

போன ஞாயிறு,
கம்பிகளை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமென்று
நபோரைக் கூப்பிட்டேன். கொத்தனார்.
என் மகளைவிட நான்கு வயது மூத்தவன், பேச்சு குறைவு.
ஒரு பாட்டிலைக் கழற்றினான்.
கம்பியை விரலால் சுண்டிக் காது கொடுத்தான்.
தூரிகையால் நாலு தேய்ப்பு.
செந்தூள் உதிர்ந்து போக
உள்ளே சாம்பல் நிறத்தில்
இரும்பு இரும்பாகவே இருந்தது.

"அறுத்தே ஆகணுமா?" என்றான்.
முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, அதற்கும் மேலே
அளந்து காட்டினான்.
புதுக்கம்பியை இதன் நுனியில் ஒட்ட வைக்க முடியாது,
பக்கத்தில், இவ்வளவு நீளம் சேர்த்து நிறுத்திக் கட்டணும்,
இதை அறுத்துவிட்டால் அது எதைப் பிடிக்கும்?

அவன் கம்பியைப் பற்றித்தான் பேசினான்.
கூலி நீட்டினேன். வாங்காமல் இறங்கிப் போனான்.

அப்புறம்தான் பார்க்கிறேன்:
தென்மூலைக் கம்பியில் துணிக்கொடி அறுத்த தடம்,
பதினேழு வருஷத்து ஈரப் போர்வைகளின் பாரம்.
யாரெட்சியின் பதினைந்தாம் பிறந்தநாளுக்குக் கட்டிய
ரோஜாநிற ரிப்பன், வெளுத்து நூலாகி.
நாய்ச்சங்கிலி மாட்டின பள்ளம் ஒன்று.
சும்மா நின்றவை என்றல்லவா
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சிமெண்ட் பைக் காகிதம் அலமாரியில்தான் இருந்தது.
வயதுகளை மட்டும் அடித்தேன்.
மற்றதில் கை வைக்கவில்லை.

வடமூலையில் நான்கு கம்பி தேய்த்தாயிற்று.
பன்னிரண்டு பாக்கி.
சுவரோரம் எட்டுச் செங்கல்,
இந்த வாரச் சம்பளத்தில் அவ்வளவுதான் வந்தது.

ஒப்தூலியா தன் மாம்பழ மாடியிலிருந்து கத்துகிறாள்:
"ஏய், இந்த வேகத்தில் எத்தனை வருஷமாகும்?"

கையிலிருந்த பாட்டிலை
உதட்டில் வைத்து
ஊதிக் காட்டினேன்.